தடித்த, உருண்டையான எழுத்துருவை எங்கே பயன்படுத்தலாம்?

தலைப்பு, லோகோ, சுவரொட்டி, குழந்தைகள் புத்தகத்தின் அட்டை, விளையாட்டுச் செயலியின் பொத்தான்: இங்கெல்லாம் தாராளமாகப் பயன்படுத்தலாம். பத்தி பத்தியாக ஓடும் உரைக்கு மட்டும் வேண்டாம்.

கோடு தடிக்கத் தடிக்க, எழுத்துக்குள் இருக்கும் வெற்றிடம் சுருங்கும். பெரிய அளவில் அந்தச் சின்னத் துளைகளே தனி அழகு. 10 புள்ளி (pt) அளவுக்கு இறக்கினால் அவை அடைபட்டு, சொல்லே மைத்திட்டாகிவிடும். தமிழில் இது இன்னும் சிக்கல். ண, ஞ, ணு போன்ற எழுத்துகளில் வளைவுகள் நெருங்கி வருவதால், வடிவமைப்பவர் ஆங்காங்கே கோட்டை மெலிதாக்கித்தான் இடம் பிடிக்க வேண்டும். எக் டைப் என்ற எழுத்துரு வடிவமைப்புக் குழுவினர் உருவாக்கிய 'பலூ தம்பி' என்ற தமிழ் எழுத்துருவைப் பெரிதாக்கிப் பாருங்கள், அந்த உழைப்பு தெரியும். எனக்கு மிகவும் பிடித்த எழுத்துரு அது. கூகுளின் எழுத்துருத் தளமான கூகுள் ஃபாண்ட்ஸில் இலவசமாகவே கிடைக்கிறது.

இந்தத் தடித்த பாணி ஒன்றும் புதிதல்ல. முனை மழுங்கிய, கொழுத்த 'கூப்பர் பிளாக்' என்ற ஆங்கில எழுத்துரு அமெரிக்காவில் 1922-லேயே வந்துவிட்டது. ஓஸ்வால்ட் கூப்பர் வடிவமைத்தது.

சரி, பயன்படுத்தும்போது கவனிக்க வேண்டியவை: தலைப்புக்கு இதை வைத்தால், கீழே வரும் உரைக்கு எளிமையான, மெலிந்த எழுத்துரு போதும். இரண்டு வரித் தலைப்பென்றால் வரி இடைவெளியைக் கொஞ்சம் கூட்டுங்கள். இல்லையென்றால் மேல்வரியின் 'கு', கீழ்வரியின் 'கீ' இரண்டும் முட்டிக்கொள்ளும். அப்புறம், ஏற்கெனவே தடித்த எழுத்துக்கு மேல் போல்டு பொத்தானை அழுத்தாதீர்கள். மென்பொருள் செயற்கையாகத் தடிமன் கூட்டி, இருக்கும் துளைகளையும் மூடிவிடும்.