பயிற்சியிலிருந்து திரும்பிய தம்பி

அன்புள்ள ஐயா,

என் தம்பி அக்னிவீரராக, அதாவது நான்கு ஆண்டு ராணுவப் பணிக்கு, தேர்வாகி நீலகிரியிலுள்ள வெலிங்டனுக்குப் பயிற்சிக்குப் போனான். ஊரே மாலை போட்டு அனுப்பியது. காலெலும்பில் விரிசல் விட்டு, ஆறி, மறுபடியும் விரிசல். தகுதியில்லை என்று அனுப்பிவிட்டார்கள். “கஷ்டம் தாங்காம ஓடி வந்துட்டான்” என்கிறது ஊர். அவன் வெளியே வருவதே இல்லை. மனத்திடம் இல்லாதவர்கள்தான் பாதியில் திரும்புகிறார்களா?

க., வேலூர் மாவட்டம்

அன்புள்ள க.,

இல்லை. இதை முதலில் தம்பியிடம் சொல்லுங்கள்.

வீட்டு நினைப்பு, தூக்கமின்மை, இந்தி புரியாத திணறல் என்று பயிற்சியை விட்டு வரப் பல காரணங்கள் உண்டு. ஆனால் எலும்பைப் பற்றி நம் ஊர்களில் யாரும் பேசுவதில்லை. ஓட ஆரம்பித்தால் மூச்சும் தசையும் சில வாரங்களில் பழகிவிடும். எலும்பு பழக மாதக்கணக்காகும். புதிய சுமை விழுந்ததும் உடல் பழைய எலும்பைக் கொஞ்சம் அரித்துவிட்டு அப்புறம்தான் புதிதாகக் கட்டுகிறது. இடைப்பட்ட வாரங்களில் எலும்பு முன்பைவிட பலவீனம். பூட்ஸ், டிரில், முதுகுச் சுமை எல்லாம் கூடுவதும் அதே வாரங்களில்தான்.

விரிசல் தொடங்கும்போது, முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் விரலால் அழுத்தினால் ஓரிடத்தில் மட்டும் சுளீர் என்று வலிக்கும். பையன் வாயைத் திறக்க மாட்டான். சொன்னால் நடிக்கிறான் என்பார்கள், அடுத்த பேட்ச்சுக்குத் தள்ளிவிடுவார்கள் என்று பயம். பல்லைக் கடித்துக்கொண்டு ஓடுவான். கடைசியில் எலும்பு விட்டுவிடும்.

ஆள்சேர்ப்பு முகாமில் 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் முடித்தால் முழு மதிப்பெண். அதற்காகத் தார்ச்சாலையில் ஓடு ஓடென்று ஓடுகிற பையன்கள், தேர்வானதும் பலர் நிறுத்திவிடுகிறார்கள். பயிற்சிக்கு அழைப்பு வருவதற்குள் கால் பழையபடி ஆகிவிடுகிறது. அந்த இடைவெளியில் எப்படி ஓட வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாலே பல கால்கள் தப்பும்.

2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், ராணுவ அதிகாரியாகப் பயிற்சி பெறும்போது காயப்பட்டு வெளியேறியவர்களின் நிலையைத் தானாகவே விசாரணைக்கு எடுத்தது. நல்லது. சிப்பாயாகச் சேரப் போன உங்கள் தம்பி போன்றவர்களுக்காகவும் அப்படி யாராவது பேச வேண்டும்.

இப்போது செய்ய வேண்டியது இதுதான். மருத்துவக் குழு அறிக்கையின் நகலை எடுத்துப் பாருங்கள். ஊனம் எத்தனை சதவீதம், காயம் பணியால் ஏற்பட்டதா என்ற இரண்டும் முக்கியம். அக்னிவீரருக்கான ஊன இழப்பீடு இந்த இரண்டையும் பொறுத்துத்தான் கிடைக்கும். அதனால் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்; ஆனாலும் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். எலும்பு மருத்துவரிடம் காட்டி வைட்டமின் டி அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். ஒரே இடத்தில் இரண்டு முறை விரிசல் விட்டிருந்தால் காரணத்தைக் கண்டுபிடித்தே ஆக வேண்டும்.