பொய்க்காலில் நின்று காலுறை பின்னியவர்கள்

வணக்கம். வீடு வாங்க அலைந்துகொண்டிருக்கிறோம். விளம்பரங்களில் எல்லாம் 'ஸ்டில்ட் + 5 மாடி' என்று போடுகிறார்கள். தரைத்தளத்தில் வெறும் தூண்களை நிறுத்தி கார் விட இடம் ஒதுக்குவது என்று புரிகிறது. அகராதியில் ஸ்டில்ட் என்றால் பொய்க்கால் என்று இருக்கிறது. நமக்குப் பொய்க்கால் என்றால் திருவிழா ஆட்டம்தான். பிழைப்புக்காக அதைக் கட்டிக்கொண்டு நடந்தவர்கள் உண்டா?
– ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

ஆட்டத்திலேயே ஒரு காரியம் இருந்திருக்கிறது. சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடும் 11 ஆடல்களில் ஒன்று, மாயவள், அதாவது துர்க்கை, ஆடியதாகச் சொல்லப்படும் மரக்கால் ஆடல். அவுணர்கள், அதாவது அசுரர்கள், பாம்பும் தேளுமாக வந்ததால் மரக்கால் கட்டி அவற்றை மிதித்து உழக்கினாள் என்பது உரைக் கதை. வெறுங்காலைத் தரையில் வைக்க முடியாத நிலைமை!

பிழைப்புக்குக் கட்டியவர்கள் என்றால், பிரான்சின் தென்மேற்கில் லாந்த் பகுதி மேய்ப்பர்கள். இன்று அங்கே பைன் காடு. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை மணலும் புதரும் மண்டிய வெளி. மணலுக்கு அடியில் கெட்டிப்பட்ட படிவு இருப்பதால் மழைத்தண்ணீர் கீழே இறங்காது. நிலம் தட்டை, வடியவும் வடியாது. குளிர்காலம் முழுக்கச் சதசதவென்று கிடக்கும். மேய்ப்பர்கள் ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரக் கட்டைகளை முழங்காலுக்குக் கீழே வாரால் இறுக்கிக் கட்டிக்கொண்டார்கள். கால் நனையாது, முள் கிழிக்காது, தூரத்தில் போன ஆடும் கண்ணில் படும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது அவர்களுடைய மூன்றாவது கட்டை. நீளமான கழி. அதைப் பின்னால் ஊன்றி, அதன் தலையில் சாய்ந்து உட்கார்ந்துகொள்வார்கள். கட்டைகள் காலோடு கட்டியிருப்பதால் கை இரண்டும் சும்மா இருக்குமே? கம்பளிக் காலுறை பின்னுவார்கள். அப்படி வரிசையாக நின்று பின்னுகிறவர்களின் படம் பழைய பிரெஞ்சு அஞ்சலட்டைகளில் நிறைய உண்டு.

1857-இல், மூன்றாம் நெப்போலியன் காலத்தில், ஒரு சட்டம் வந்தது. ஊர்ப்பொது நிலங்களில் தண்ணீரை வடித்து மரம் நட வேண்டும். மேய்ச்சல் நிலம் போச்சு, ஆடு போச்சு, கட்டைக்கும் வேலையில்லை. அப்புறம் அங்கேயும் ஆட்டம்தான். சில்வான் தோர்னோன் என்ற ரொட்டிக்கடைக்காரர் 1891-இல் கட்டைக்காலிலேயே பாரிஸிலிருந்து மாஸ்கோவுக்கு நடந்தார். மேய்க்க ஒரு ஆடு கிடையாது. வழியெல்லாம் வேடிக்கை பார்க்கக் கூட்டம்.