மறுசுழற்சி பிளாஸ்டிக் பாட்டிலுக்கு மாறினால் தரம் குறையுமா?

சொந்தமாகத் திரவச் சோப்பு தயாரிக்கிறீர்கள், மறுசுழற்சி பாட்டிலுக்கு மாறினால் கசியுமோ, நாறுமோ என்று பயப்படுகிறீர்கள். மாறுங்கள். ஆனால் எடுத்த எடுப்பில் 100 சதவீதத்துக்குத் தாவ வேண்டாம். நான் வேலை பார்த்த இடத்தில் அப்படித்தான் தாவினோம்.

அங்கே நான் சோதனைக்கூடத்தில் இருந்தேன். பாத்திரம் கழுவும் திரவத்துக்கு முழுக்க மறுசுழற்சி ஹெச்.டி.பி.இ.யில் பாட்டில் செய்தோம் (அடியில் முக்கோணத்துக்குள் 2 என்று இருக்குமே, அந்தப் பாலிஎத்திலீன் வகைப் பிளாஸ்டிக்). கீழே போட்டுப் பார்த்தோம், அடுக்கிப் பார்த்தோம், தாங்கியது. ஆறாவது வாரம் அட்டைப்பெட்டிகள் ஈரமாயின. எடுத்துப் பார்த்தால் பாட்டிலின் அடி விளிம்பில் மயிரிழை விரிசல். "குப்பையில் செய்தால் இப்படித்தான்" என்று கூட்டத்தில் சொன்னார்கள். அந்தப் பேச்சு இன்றும் எனக்கு உறுத்துகிறது, ஏனென்றால் காரணம் அது இல்லை.

நுரைக்காகச் சேர்க்கும் வேதிப்பொருள், இழுவிசையில் இருக்கும் பாலிஎத்திலீனை நாள்பட நாள்படப் பிளக்கும். புதுப் பிளாஸ்டிக்கும் ரகம் தப்பினால் பிளக்கும். எங்களுக்கு வந்த குருணை (உருக்கிப் பாட்டில் செய்யும் பிளாஸ்டிக் மணிகள்) பெரும்பாலும் பால் பாட்டிலை அரைத்தது. அது விறைப்புக்காகத் தேர்ந்தெடுக்கும் ரகம், சோப்பைத் தாங்கும் ரகம் அல்ல. போதாததற்கு மூடிகளின் பாலிபுரோப்பிலீன் என்ற வேறு பிளாஸ்டிக்கும் கலந்திருந்தது. இரண்டுமே தண்ணீரில் மிதப்பதால் கழுவும் தொட்டியில் பிரியாது.

பிறகு மூன்றடுக்குப் பாட்டிலுக்குப் போனோம். நடுவில் மறுசுழற்சி, உள்ளும் வெளியும் சோப்பைத் தாங்கும் புது ரகம். விரிசல் நின்றது. பழைய வாசனைத் திரவியம் பிளாஸ்டிக்குக்குள் ஊறிப்போயிருப்பதால் வரும் நாற்றமும் வெகுவாகக் குறைந்தது.

பிளாஸ்டிக்கே கூடாது என்று கீழே சிலர் எழுதுவீர்கள். மறுபடி நிரப்பிக் கொடுக்க வழி இருந்தால் நானும் அதையே சொல்வேன். கேள்வி கேட்டவர் கேட்டது வேறு.

குருணை விற்பவரிடம், மக்கள் பயன்படுத்திப் போட்டதா, ஆலைக் கழிவா என்று கேளுங்கள். ஓர் ஆலை தன் வெட்டுத்துண்டை அரைத்து அதே வேலைக்குத் திரும்பப் போடுவதை மறுசுழற்சிக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்கிறது ஐ.எஸ்.ஓ. 14021 என்ற சர்வதேசத் தரநிலை. தெரிந்தே சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். அந்த மூன்றடுக்குப் பாட்டிலை ஒரு விருதுக்கு அனுப்பினார்கள். ராத்திரி தங்கி, ஒவ்வொரு பாட்டிலாக விளக்கில் காட்டி விரிசல் எண்ணிய இரண்டு பெண்களின் பெயர் விண்ணப்பத்தில் இல்லை. கேட்டேன். "இடம் இல்லை" என்றார்கள். விற்பனைப் பிரிவில் ஏழு பேர் பெயருக்கு இடம் இருந்தது.

உங்கள் பாட்டிலில் தண்ணீரை ஊற்றிச் சோதிக்காதீர்கள். உங்கள் திரவத்தையே நிரப்பி, மூடியை இறுக்கி, மேலே பாரம் ஏற்றி, வெதுவெதுப்பான அறையில் வாரக்கணக்கில் வையுங்கள். அடி விளிம்பைத் தினமும் பாருங்கள்.