ஒரே கட்டியில் இரண்டு புற்றுநோயா?

கேள்வி: ஊசிப் பரிசோதனையில் அக்காவுக்கு 'பாப்பிலரி' தைராய்டு புற்றுநோய் என்றார்கள். சுரப்பியை முழுதாக எடுத்தபின் வந்த பயாப்சியில் 'மெடுல்லரி, பாப்பிலரி கலப்பு' என்றிருக்கிறது. அயோடின் சிகிச்சை போதுமா?
– வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: போதாது. கதிரியக்க அயோடினை பாப்பிலரி செல்கள் உறிஞ்சும்; தைராய்டிலேயே உள்ள வேறு வகைச் செல்களான 'சி' செல்களில் பிறக்கும் மெடுல்லரி அதை உறிஞ்சாது. ஊசியில் கட்டியின் ஒரு மூலைச் செல்கள்தான் வரும், எனவே முதல் ரிப்போர்ட்டைக் குறை சொல்வதற்கில்லை.

ஆஸ்பத்திரியில் பாரஃபின் பிளாக்கையும் (கட்டித் துண்டை மெழுகில் பதித்தது) ஸ்லைடுகளையும் கேட்டு வாங்கி, புதுச்சேரி ஜிப்மர் போன்ற இடத்தில் மறுபார்வைக்குக் கொடுங்கள். கால்சிடோனின் சாயம் (மெடுல்லரியின் அடையாளம்) எங்கே ஏறுகிறது, தைரோகுளோபுலின் சாயம் (பாப்பிலரியின் அடையாளம்) எங்கே ஏறுகிறது என்று பார்த்தால்தான் கலப்பு உறுதியாகும். தனித்தனிக் கட்டிகள் இரண்டு அருகருகே இருந்து ஒன்றாகத் தெரிவதும் உண்டு.

ஆபரேஷன் முடிந்து 2–3 மாதத்தில் ரத்தத்தில் கால்சிடோனின், சி.இ.ஏ. (மெடுல்லரியைக் காட்டும் இன்னொரு புரதம்), தைரோகுளோபுலின் மூன்றையும் பாருங்கள். கால்சிடோனின் சாம்பிள் வெளிச்சூட்டில் கிடந்தால் அளவு குறைந்து காட்டும். நம்மூர் வெயிலில் ஐஸில் வைத்து உடனே அனுப்பச் சொல்லுங்கள்.

மெடுல்லரி பரம்பரையாக வந்ததா என்று காட்டும் 'ரெட்' (RET) மரபணுச் சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். பரம்பரை மாற்றம் இருந்தால் நீங்களும் அக்கா பிள்ளைகளும் சோதிக்க வேண்டும். கழுத்தில் மறு ஆபரேஷன் என்றால், அதற்கு முன்பே மெட்டாநெஃப்ரின் (அட்ரினல் கட்டியைக் காட்டும்) சோதனை அவசியம்: இதே மரபணு மாற்றத்தால் சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பியில் கட்டி ஒளிந்திருந்தால் மயக்க மருந்தின்போது பி.பி. எகிறிவிடும்.