கணினிக் கேள்வி பதில்: இரண்டாவது கடிதத்தில் நின்றுவிடும் மேக்ரோ

கேள்வி: உருத்திரபுரத்தில் எங்கள் கமக்காரர் அமைப்பின் செயலாளருக்கு எழுத்து வேலைகளில் உதவி வருகிறேன். காலபோகக் கூட்டத்துக்கான அழைப்புக் கடிதத்தில் ஒவ்வோர் உறுப்பினரின் பெயர், வயலின் ஏக்கர் அளவு, வாய்க்கால் இலக்கம் ஆகியவற்றை நிரப்பி அச்சிடுவதற்கு மைக்ரோசொப்ட் வேர்டில் ஒரு மேக்ரோ (வேலையைத் தானாகச் செய்யும் சிறு நிரல்) இருக்கிறது. முதற்கடிதம் சரியாக வருகிறது; இரண்டாவதில் 'ரன் டைம் எரர் 5941' என்று காட்டி நின்றுவிடுகிறது. 'ஒன் எரர் ரெசியூம் நெக்ஸ்ட்' என்ற வரியை மேலே சேர்த்தால் போதும் என்கிறார் ஒருவர். சேர்க்கலாமா?
– வாசகி, கிளிநொச்சி மாவட்டம்

பதில்: தயவுசெய்து அந்த வரியைச் சேர்க்க வேண்டாம். அது பிழையைத் திருத்துவதில்லை. பிழை நேர்ந்த வரியைச் சொல்லாமல் தாண்டிச் செல்லுமாறு வேர்டுக்குக் கட்டளையிடுகிறது. உங்கள் மேக்ரோவில் அதைச் சேர்த்தால் செய்தி எதுவும் தோன்றாமல் எல்லாக் கடிதங்களும் அச்சாகும். ஆனால் அத்தனையிலும் முதல் உறுப்பினரின் பெயரும் ஏக்கரும் வாய்க்கால் இலக்கமுமே இருக்கும். இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பி விதைப்பவர்களின் கைக்கு வேறொருவரின் வயல் விவரத்துடன் கடிதம் போய்ச் சேருவதைவிட, மேக்ரோ நின்றுவிடுவது எவ்வளவோ மேல்.

5941 என்பது, மேக்ரோ பெயர் சொல்லிக் கேட்ட ஒரு பொருள் ஆவணத்தில் இல்லை என்பதற்கான எண். அந்தப் பொருள் அட்டவணையாகவோ பாணியாகவோ இருக்கலாம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால், உங்களிடம் காணாமற்போவது புக்மார்க் எனப்படும் இடக்குறி. பிழைச் செய்தியிலுள்ள 'டிபக்' பொத்தானை அழுத்தினால் நின்ற வரி மஞ்சள் நிறத்தில் தெரியும். அதில் 'புக்மார்க்ஸ்' என்ற சொல் இருந்தால் ஐயமே வேண்டாம்.

கடிதத்தில் பெயர் வரவேண்டிய இடத்தில் புள்ளிக்கோடு ஒன்றை இட்டு, அதை முழுவதுமாகத் தெரிவுசெய்து இடக்குறி வைத்திருப்பார்கள். அப்படி எழுத்துகளைச் சூழ்ந்து நிற்கும் இடக்குறியின் 'ரேஞ்ச்.டெக்ஸ்ட்' பகுதிக்கு (ரேஞ்ச் என்பது இடக்குறி சூழ்ந்திருக்கும் இடம், டெக்ஸ்ட் அதிலுள்ள எழுத்து) மேக்ரோ புதிய பெயரைக் கொடுக்கும்போது, புள்ளிக்கோட்டோடு சேர்ந்து இடக்குறியும் அழிந்துவிடுகிறது. முதற்கடிதம் அச்சாகும்போதே அது போய்விட்டது. இரண்டாவது சுற்றில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? கோப்பைச் சேமிக்காமல் மூடித் திறந்தால் மீண்டும் ஒரு கடிதம் மட்டும் வருவதும் இதனால்தான். வேர்டின் 'ஒப்ஷன்ஸ்' பகுதியில், 'அட்வான்ஸ்ட்' பக்கத்தில், இடக்குறிகளைக் காட்டும் தெரிவை இயக்கிவிட்டு மேக்ரோவை ஓட்டினால், சாம்பல் நிறச் சதுர அடைப்புகள் மறைவதைக் கண்ணாலேயே காணலாம்.

திருத்தம் சிறியது. முதலில் இடக்குறியின் ரேஞ்சை 'செட்' கட்டளையால் ஒரு மாறியில் (மேக்ரோ ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளும் பெயரில்) எடுத்துக்கொள்ளுங்கள். பின்னர் அந்த மாறியின் 'டெக்ஸ்ட்' பகுதிக்குப் பெயரைக் கொடுங்கள். மாறி இப்போது புதிய பெயரைச் சுற்றி நிற்கும். மூன்றாவதாக, 'புக்மார்க்ஸ்.அட்' கட்டளைக்குப் பழைய இடக்குறிப் பெயரையும் இந்த மாறியையும் கொடுத்தால், அழிந்த இடக்குறி அதே பெயரில் மீண்டும் உருவாகும். ஏக்கருக்கும் வாய்க்கால் இலக்கத்துக்கும் இதையே செய்ய வேண்டும். ஒன்றை விட்டாலும் 5941 திரும்பி வரும். நிரப்புவதற்கு முன் 'புக்மார்க்ஸ்.எக்ஸிஸ்ட்ஸ்' மூலம் இடக்குறி இருக்கிறதா என்று சோதித்து, இல்லையெனில் எது இல்லை என்பதைச் செய்தியாகக் காட்டி நிறுத்துமாறு எழுதுவது இன்னும் நல்லது.

என்றாவது முதற்கடிதத்திலேயே இதே பிழை வந்தால், காரணம் வேறாக இருக்கலாம். 'அக்டிவ்டொகியுமென்ட்' என்பது அந்த நேரத்தில் முன்னால் இருக்கும் ஆவணத்தையே குறிக்கும். உறுப்பினர் பட்டியல் முன்னால் இருந்தால் மேக்ரோ கடிதத்தின் இடக்குறிகளைப் பட்டியலில் தேடும். கடிதத்தைத் திறக்கும்போதே அதை ஒரு மாறியில் வைத்து, எங்கும் அந்த மாறியையே பயன்படுத்துங்கள். பட்டியல் யுனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்துருவிலும் கடிதம் யுனிகோடிலும் இருந்தால், பிழைச் செய்தி இல்லாமலே பெயர்கள் ஆங்கில எழுத்துக் குவியலாக வந்து விழும். அதற்குப் பட்டியலை முன்கூட்டியே யுனிகோடுக்கு மாற்றிவிட வேண்டும்.

திருத்திய பின் உடனே அச்சுக்குப் போகாமல், கோப்பின் பிரதி ஒன்றில் மூன்று பெயர்களை மட்டும் வைத்து, ஓல்ட் (Alt), எஃப்11 விசைகளை ஒருசேர அழுத்தி மேக்ரோவைத் திறந்து, எஃப்8 விசையால் வரி வரியாக ஓட்டிப் பாருங்கள். மூன்றாவது கடிதத்திலும் இடக்குறி அடைப்புகள் மூன்று இடத்திலும் நின்றால், அச்சுப்பொறிக்குத் தாள் வைக்கலாம்.