கடாரத்து வாசலும் கீழணைக் கல்லும்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் மகன் குடும்பத்தோடு மலேசியா போயிருந்தேன். கெடா மாநிலத்தின் பூஜாங் பள்ளத்தாக்கில், இதுதான் ராஜேந்திர சோழன் வென்ற கடாரம் என்று பேரனிடம் சொன்னபோது எனக்குக் குரல் தழுதழுத்தது. அவனோ, “தாத்தா, நாம் எதற்கு இங்கே வந்து சண்டை போட்டோம்?” என்று கேட்டான். பதில் சொல்லத் தெரியவில்லை.

வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்குக் கணக்கு எழுதித் தரும் நிறுவனத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். என் மகன் வயதுள்ள வெள்ளைக்காரன் தொலைபேசியில் கூப்பிட்டால் எழுந்து நின்று பேசியிருக்கிறேன். கடல் கடந்து வென்றவர்களின் வாரிசுகள் இன்று விசா வரிசையில் நிற்கிறோம். நம் சுயமரியாதை எங்கே தொலைந்தது? மறுபடி வல்லரசானால் திரும்பி வருமா?

எஸ்., சென்னை

அன்புள்ள எஸ்.,

உங்கள் கேள்வியைவிடப் பேரனின் கேள்வி கூர்மையானது. அதில் ‘எதற்கு’ என்பது எளிது, ‘நாம்’ என்பதுதான் சிக்கல். எளியதை முதலில் பார்ப்போம்.

சீனத்துக்குப் போகும் கடல்வழியை, கடாரத்தையும் உள்ளடக்கிய ஸ்ரீவிஜயப் பேரரசு தன் கைக்குள் வைத்திருந்தது. சோழர்களுக்கும் அந்த வணிகம் வேண்டியிருந்தது. 1025-ஆம் ஆண்டுப் படையெடுப்புக்கு வரலாற்றாசிரியர்கள் பொதுவாகச் சொல்லும் காரணம் இதுதான். அதற்குச் சில ஆண்டுகள் முன்புவரை இரு அரசுகளும் நட்பாகவே இருந்தன. கடாரத்து அரசன் எழுப்பிய நாகப்பட்டினம் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே ராஜராஜன் கொடுத்தான். மகன் ராஜேந்திரன் அந்தக் கொடையை உறுதிசெய்தான், பிறகு படையும் அனுப்பினான்.

‘அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி’ என்று ராஜேந்திரனின் புகழ் பாடும் கல்வெட்டு வரியை, அதாவது மெய்க்கீர்த்தி வரியை, நானும் வாய்விட்டுப் படித்து மகிழ்ந்தவன்தான். ஆனால் அடுத்து வருவதையும் படியுங்கள். யானைகளும் பெருநிதியும் வருகின்றன. கூடவே அந்த நகரத்து வாசலின் விச்சாதிரத் தோரணம் என்ற அலங்கார வளைவு, மணி பதித்த கதவு. நிலைத்து ஆளவில்லை, வாசற்கதவைப் பெயர்த்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். தாராசுரத்தில் இருந்த ஒரு சாளுக்கியத் துவாரபாலகரின், அதாவது வாயிற்காவலர் சிலையின் பீடத்தில், சாளுக்கியத் தலைநகர் கல்யாணபுரத்தை எறிந்து (அழித்து) ‘கொடுவந்த’ (கொண்டுவந்த) துவாரபாலகர் என்றே பொறித்திருக்கிறது. லண்டன் அருங்காட்சியகங்களின் விளக்க அட்டைகளைவிட இது நேர்மையானது என்பது என் எண்ணம். கோஹினூரைத் திருப்பிக் கேட்கும்போது இந்தத் துவாரபாலகரும் என் நினைவுக்கு வந்துவிடுகிறார், என்ன செய்ய.

பழம்பெருமையே பொய் என்று நான் சொல்லவில்லை. ஆப்பிரிக்காவில் அதற்கு ஓர் உயிர்ப் பயன் இருந்தது. தெற்கு ஆப்பிரிக்கப் பகுதியில் ‘மகா ஜிம்பாப்வே’ என்ற கல் நகரம் இருக்கிறது. சாந்து பூசாமல் கல்மேல் கல் அடுக்கியே எழுப்பிய சுவர்கள், சில இடங்களில் 11 மீட்டர் உயரம். 1871-இல் அங்கே போன கார்ல் மௌக் என்ற ஜெர்மானியர், வாசலில் கிடந்த மரத்துண்டைத் தன் பென்சிலோடு ஒப்பிட்டு முகர்ந்து பார்த்தார். லெபனான் தேவதாரு மாதிரி இருந்ததாம். ஆகவே இது பைபிளில் வரும் ஷீபா அரசி கட்டியது என்று முடிவு கட்டிவிட்டார்! கறுப்பர்களால் இப்படிக் கட்ட முடியாது என்பது குடியேறிய வெள்ளையர்களுக்கு வசதியான செய்தி. நிலத்தின் உரிமையே அதில் அடங்கியிருந்தது. 1905-இல் ராண்டல் மக்கைவர், 1929-இல் கெர்ட்ரூட் கேட்டன் தாம்சன் என்று அகழ்ந்து பார்த்த ஆய்வாளர்கள், இது ஆப்பிரிக்கர்கள் கட்டியதே என்று எழுதினார்கள். ஆனாலும் அந்நாட்டை ஆண்ட வெள்ளையர்களின் ரொடீசிய அரசு மழுப்பிக்கொண்டே இருந்தது. அந்த உண்மையை விட்டுக்கொடுக்காத பீட்டர் கார்லேக் என்ற தொல்லியலாளர் 1970-இல் நாட்டை விட்டே போக நேர்ந்தது. 1980-இல் விடுதலை வந்தபோது நாட்டுக்கு அந்தக் கல் நகரத்தின் பெயரையே வைத்தார்கள். அங்கே கிடைத்த கல்பறவை கொடியில் ஏறியது. திருடப்பட்ட பத்திரத்தை மீட்ட கதை அது.

நமக்கு அப்படியா நடந்தது? தஞ்சைப் பெரிய கோயிலை நாம் கட்டவில்லை என்று ஆட்சிக்கு வந்த வெள்ளைக்காரன் சொல்லவில்லை. கரிகாலன் கட்டினான் என்று தலபுராணம் சொல்லிக்கொண்டிருந்தபோது, சுவரைப் படித்து அது ராஜராஜனுடையது என்று நிறுவியவர் அரசாங்கக் கல்வெட்டாய்வாளராக இருந்த ஹுல்ஷ் என்ற ஜெர்மானியர். அவர் பதிப்பித்த அதே தஞ்சைக் கல்வெட்டுகளில் வரியில்லாத நிலங்களின் பட்டியல் ஒன்று வருகிறது. ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு, இவற்றோடு கம்மாணச்சேரி, பறைச்சேரி, தீண்டாச்சேரி. மெய்க்கீர்த்தியை மனப்பாடம் செய்யும் நாம் இந்தப் பட்டியலை ஏனோ பேரப்பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை.

இப்போது ‘நாம்’. நீங்களும் நானும் அன்று பிறந்திருந்தால் யானைமேல் இருந்திருப்போம் என்று எதை வைத்து நம்புகிறோம்? கலம் வலித்தவனாக இருந்திருக்கலாம், கல் சுமந்தவனாக இருந்திருக்கலாம். அந்தச் சேரிகளில் ஒன்றில் இருந்திருக்கலாம்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது கடாரம் அல்ல, தொலைபேசி. எதிர்முனையில் இருப்பவனால் பார்க்க முடியாதபோதும் எழுந்து நின்றீர்களே, அது ஆங்கிலேயன் சொல்லிக்கொடுத்ததா? என் தாத்தா மிராசுதார் வீட்டுத் திண்ணையருகே துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றவர். அவர் மகனான என் அப்பா, தன் வீட்டுக்கு வந்த துணி வெளுப்பவரை உட்காரச் சொல்லி நான் பார்த்ததில்லை. வெள்ளைக்காரன் நம் முதுகை வளைக்கவில்லை, வளைந்திருந்த முதுகில் வசதியாக ஏறிக்கொண்டான். 1925-இல் பெரியார் சுயமரியாதை என்ற சொல்லை இயக்கமாக்கியபோது அவர் திண்ணையைத்தான் பார்த்தார். உங்கள் அலுவலகத்தில் தேநீர் கொண்டுவந்தவர் என்றாவது உங்கள் எதிரே உட்கார்ந்தாரா? குற்றம் சாட்டக் கேட்கவில்லை, என் அலுவலகத்திலும் அவர் உட்காரவில்லை.

வல்லரசானால் விசா வரிசை குறையலாம். எழுந்து நிற்கும் கால் அதனால் உட்காருமா என்பது எனக்குச் சந்தேகமே.

பேரனை அடுத்த விடுமுறையில் கங்கைகொண்ட சோழபுரத்துக்கு அழைத்துப் போங்கள். கோயிலின் பெரும் மதிலில் இப்போது மிச்சம் கொஞ்சம்தான். 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்ட ஆங்கிலேயர்கள் அந்தக் கல்லைப் பெயர்த்து எடுத்துப்போனார்கள். அப்படியே கீழணைக்கும் போங்கள், ரொம்ப தூரமில்லை. அங்கிருந்து வடவாறு வழியாக வீராணத்துக்குத் தண்ணீர் போகிறது. அந்த ஏரி ராஜேந்திரனுக்கும் முந்தைய சோழர்கள் வெட்டியது. 2004 முதல் அது குழாயில் சென்னைக்கும் வருகிறது. உங்கள் வீட்டுக்கு வருவது வீராணம் தண்ணீரா என்று விசாரித்துவிட்டு எழுதுங்கள்.