உமரிக்கீரைக்குக் கடல் தண்ணீர் ஊற்றலாமா?

கேள்வி: கற்பிட்டியிலிருந்து மச்சாள் வேரோடு கொண்டுவந்து தந்த உமரிக்கீரையை எங்கள் பல்கனியில் பெரிய சாடியில் நட்டேன். கடற்கரைச் செடிதானே என்று, கால்வாய் கடலில் விழுகிற இடத்து மணலை அள்ளிவந்து நிரப்பி, தினமும் அரை லீற்றர் கடல் தண்ணீர் ஊற்றுகிறேன். பத்து நாளில் நுனி கருகிவிட்டது. சாடி விளிம்பில் வெள்ளையாய்ப் பூத்திருக்கிறது. கடையில் ‘கடல் தாதுக் கலவை’ என்று ஒரு பக்கெற் தந்தார்கள். போடலாமா? மாமாவுக்குப் பிரஷர், ஆனால் கீரை வறை என்றால் உயிர்.
— ஒரு வாசகி, வெள்ளவத்தை

பதில்: போடவேண்டாம். உங்கள் சாடியில் இப்போது இருப்பதே உப்பளம். கடல் தண்ணீரில் லீற்றருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. நீங்கள் ஊற்றிய கணக்குக்கு ஒரு வாரத்திலேயே 120 கிராம் சேர்ந்துவிடும். தண்ணீர் ஆவியாகப் போகும், உப்பு எங்கே போகும்? கற்பிட்டியில் மழையும் ஏற்றவற்றமும் வந்து கழுவிவிடும். பல்கனியில் யார் கழுவுவது?

உமரி நல்ல தண்ணீரிலும் வளரும். தண்டு கொஞ்சம் தடிக்க வேண்டுமென்றால், வேர் பிடித்த பிறகு வாரத்துக்கு ஒருமுறை லீற்றருக்கு இரண்டு தேக்கரண்டி கல்லுப்பு கரைத்து ஊற்றுங்கள், மற்ற நாளெல்லாம் குழாய்த் தண்ணீர். விதை போடும்போது உப்பே கூடாது, முளைப்பது குறைந்துவிடும். சமையலறையில் கல்லுப்பு இருக்கும்போது உப்புக்குப் புதுப்பெயர் வைத்து விற்பவர்களுக்கு ஏன் காசு கொடுக்கிறீர்கள்? கடலோரச் செடி என்று கேட்டு வருகிறவருக்கு முதலில் உப்பைக் குறைக்கச் சொல்வதுதான் நியாயமான வியாபாரம்.

சரி, இதைவிட என்னைக் கலங்கவைத்தது அந்த மணல். அதைப் பற்றி நீங்கள் கேட்கவேயில்லை. கிருலப்பனைப் பக்கமிருந்து நகரத்துக் கழிவையெல்லாம் ஏந்தி வருகிற கால்வாய் அது. உமரி போன்ற செடிகள் மண்ணிலுள்ள கன உலோகங்களையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மாசுபட்ட மண்ணைத் துப்புரவாக்க இவற்றை ஆராய்வதே அதனால்தான். ஈயமோ கட்மியமோ அவித்தால் அழிந்துபோகாது. இந்தச் சாடியில் வளர்ந்த ஒரு தண்டைக்கூடச் சமைக்காதீர்கள். கைக்குச் சுலபமாகக் கிடைக்கிறதென்று கால்வாயோர மண்ணில் கீரை போடுகிறவர்கள் கொழும்பில் நிறையப் பேர். ஆயிரம் தடவை சொன்னாலும் நான் ஓயமாட்டேன்.

மணலைக் கொட்டிவிட்டுச் சாடியைக் கழுவுங்கள். ஆற்றுமணலும் தும்புத்தூளும் பாதிப்பாதி, கொஞ்சம் கூட்டெரு, அடியில் பெரிய துளை. மற்றக் கீரைகளுக்குத் தும்புத்தூளின் உப்பைக் கழுவச் சொல்வேன், விதை போடப்போவதால் இதற்கும் கழுவிவிடுங்கள். கருகிய செடியை நம்பவேண்டாம். மச்சாளிடம் காய்ந்த செடியை உதிர்த்து, பளபளப்பான கறுப்பு விதைகளை அனுப்பச் சொல்லுங்கள்.

மாமாவுக்கு என்றால் உப்பே காட்டாமல் நல்ல தண்ணீரில் வளர்த்துக் கொடுங்கள். இரண்டு தண்ணீரில் அவித்து வடித்துப் பிழிந்தால் உப்பும், சிறுநீரகக் கல்லுக்குக் காரணமாகக்கூடிய ஒட்சலேற்று என்ற பொருளும் நிறையக் குறையும். அப்படியும் ஓரளவு உப்பு நிற்கும், அதனால் எப்போதாவது ஒரு கைப்பிடி போதும். அப்புறம் தேங்காய்ப்பூ, வெங்காயம், பச்சை மிளகாயோடு வறையுங்கள். உப்புப் போடவேண்டாம்.